பேச்சிராஜ் கடையில் தொங்கும் என் கட்டுரை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உதிக்கவில்லை. ஒரு செவிலியர் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதுவும் கோபமாக.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சிற்றிதழில் ‘நோய்களை விரட்டியது ஊசியா, சாக்கடையா?’ என்றொரு கட்டுரை எழுதினேன். தட்டம்மைக்கு ஊசி வருவதற்கு முன்பே அதனால் சாகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், நல்ல சோறும் சுத்தமான தண்ணீரும்தான் காரணம், பிறகு ஊசிக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்பது என் கட்சி. கூடவே சரசரவென்று கீழே இறங்கும் ஒரு வரைபடம். நானூறு பிரதி அச்சாகும் இதழ். அதில் முந்நூறு ஆசிரியர் வீட்டுப் பரணில் இருக்கும். இதனால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது, சொல்லுங்கள் வாசகரே?

2

செவிலியர் பெயர் பிரிஸில்லா. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வேலை. பாளையங்கோட்டையில் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்து, செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை. சாமி படத்துக்குப் பக்கத்தில், லேமினேட் செய்து ஆணியில் மாட்டிய என் கட்டுரை.

“இது நீங்க எழுதுனதுதானே சார்? கடைக்காரர் பேரு பேச்சிராஜ். பொம்பளப் பிள்ளை, பத்து மாசம். தட்டம்மை ஊசி ஒன்பது மாசம் முடிஞ்சதும் போட்டிருக்கணும். கேட்டா இதைத் தொட்டுக் காட்டுதாரு. மூணு வீடு தள்ளி ஒரு பயலுக்கு மணல்வாரி அம்மை, அதான் இந்தத் தட்டம்மை, போட்டிருக்கு. தெரியுமா ஒங்களுக்கு?”

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கமும் இல்லை. பூரிப்பு. முப்பது வருடமாக எழுதுகிறேன். கூடப் பிறந்த தம்பி என் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்ததில்லை. இங்கே ஒரு மனிதர் லேமினேட் செய்திருக்கிறார்!

“சாவு குறைஞ்சது நெசந்தான்,” என்றார் பிரிஸில்லா. “ஆனா நோய் வருதது குறையலயே. அது ஊசி வந்த பொறவுதான் குறைஞ்சுது. நீங்க சாவுப் படத்தைப் போட்டுட்டு நோய்ப் படத்தை விட்டுட்டீய.”

(மறதியில் விடவில்லை. இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. இரண்டாவது, கட்டுரையின் ஓட்டத்தைக் கெடுத்தது.)

“நீங்களே வந்து தப்புன்னு சொல்லுங்க.”

எழுதுகிறவனிடம் நேரில் வா என்றால் வருவானா? கதையாக எழுதுகிறேன் என்றேன்.

3

[முதல் முயற்சி] தாமிரபரணி சலசலத்து ஓடும் அந்த இளங்காலைப் பொழுதில்

வேண்டாம். இந்தக் கதையில் ஆற்றுக்கு வேலையே இல்லை.

[இரண்டாம் முயற்சி] அலி அஸ்கர் தன் மகளுக்கு ஊசி போட மாட்டேன் என்று

இதைப் பிரிஸில்லாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “எதுக்கு சார் பேரை மாத்துனீய? எங்க பக்கம் அலி அஸ்கர்னு ஒருத்தர் இருக்காரு. மூணு பிள்ளைக்கும் நாள் தவறாம போட்டவரு. போடாதவரு ஒங்க வாசகர்லா?” என்றார்.

ஊசி மறுப்பவர் என்றதும் என் கை தானாக எந்தப் பெயருக்குப் போயிற்று பாருங்கள். முற்போக்கு எழுத்தாளன் வேறு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

4

பேச்சிராஜ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. என் மூன்றாவது பத்தியை மனப்பாடமாகச் சொன்னார். எனக்கே அது மறந்திருந்தது. மகள் இசக்கிச்செல்வி மேசைமேல் உட்கார்ந்து என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள்.

“அந்தக் கட்டுரை தப்பு, பேச்சிராஜ். பாதியைச் சொல்லி மீதியை மறைச்சிட்டேன்.”

அவர் சிரித்தார். “நர்ஸம்மா மெரட்டிட்டாவளாக்கும்? நீங்க பயப்படாதீய அண்ணாச்சி, நாங்க இருக்கோம். அச்சுல வந்தது அச்சுல வந்ததுதான்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒங்க பிள்ளைக்கு நீங்க போட்டிருக்க மாட்டீயள்லா? அது ஒண்ணு போதும் எனக்கு,” என்றார்.

வாயைத் திறந்தேன்.

டீயைக் குடித்தேன்.

[என் மகளின் தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.]

5

முடிவு அ: எழுத்தாளர் உண்மையைச் சொல்கிறார். பேச்சிராஜ் கண்கலங்கி, கட்டுரையைக் கழற்றி எறிந்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். சுவரொட்டிக்கு ஆகும். நடந்தது அதுவல்ல.

முடிவு ஆ: செல்விக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டிய அன்று, பேச்சிராஜ்

கை ஓடவில்லை. இதுவரை என் கதைகளில் நான்கு குழந்தைகளைச் சாகடித்திருக்கிறேன். முடிவு கனமாக இருக்கட்டுமே என்று. ஒன்றுக்குப் பரிசுகூடக் கிடைத்தது. அவர்களில் ஒருவரும் என் கண்ணாடியைப் பிடித்து இழுத்ததில்லை.

6

பேச்சிராஜ், இவ்வளவு நேரம் ‘வாசகரே’ என்றது உங்களைத்தான். மற்றவர்கள் போகிறபோக்கில் படிக்கிறார்கள். நான் வாயால் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. அச்சில் வந்தால்தான் நம்புவீர்கள். அதனால் அதே இதழில் கெஞ்சிக் கூத்தாடி இதைப் போடவைத்து, உங்கள் கடை முகவரிக்கு அனுப்புகிறேன்.

அன்று டீயோடு விழுங்கியது இதுதான்: என் மகளுக்கு எல்லா ஊசியும் போட்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு வாதத்துக்காக அவளைப் பணயம் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. உங்கள் மகளை வைத்தேன்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதும் யோக்கியதையும் இல்லை. வரும் புதன்கிழமை காலை பிரிஸில்லா உங்கள் தெரு அங்கன்வாடியில் இருப்பார். முதலில் செல்வியைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள். பிறகு என்னைத் திட்ட வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.