முப்பதடி வெட்டவெளி

காலை ஆறரைக்குக் கித்தேரியம்மாள் நோட்டும் பேனாவுமாகச் சோலையோரம் வந்தபோது, கீழே புதர் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் அவள் கணவர் அருளப்பன். வெள்ளனே கிளம்பியவர், எங்கே சோலி என்று சொல்லியிருக்கவில்லை.

மூன்று மாதமாக அவள் தாரணியிடம் வேலை பார்க்கிறாள். ஆராய்ச்சிக்காக வட்டக்கானலில் தங்கியிருக்கும் பெண் தாரணி. சிரிப்பான் குருவி எந்தப் புதரில் எந்தப் பழம் தின்கிறது, எப்போது புழு பிடிக்கிறது என்று குறித்துக்கொடுக்க வேண்டும். லாட்ஜில் அறை கூட்டியவளுக்கு முதலில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. பழமே கதியென்று திரிந்த குருவி, குஞ்சு பொரித்ததும் புழுவுக்காக நாள் முழுக்க அலைவதைப் பார்த்தபின், நேரத்துக்கு முன்பே வரத் தொடங்கினாள்.

மெஷின் ஓடிய சரிவு பட்டா நிலம். காட்டேஜ் கட்டப் போகிறார்கள்.

அருளப்பன் மெஷினை அணைத்தார். "கூடு இருக்குற புதர விட்டுட்டேன். நீ சொல்லியிருந்தியே."

உண்மைதான். தவிட்டுக்கொய்யாப் புதர் ஒன்று மட்டும் நின்றது. சுற்றிலும் முப்பதடிக்கு வெறும் மண்.

"குருவி வெட்டவெளியத் தாண்டி வராதுங்க" என்றாள்.

தாரணி முதல் நாளே சொல்லியிருந்தாள்: "கடலுக்கு நடுவுல தீவு மாதிரிக்கா இந்த மலை உச்சி. இந்தக் குருவி கீழ எறங்காது. புதருக்குப் புதர் தத்தித்தான் போகும்."

தாய்க்குருவி புழுவோடு சோலை விளிம்புக்கு வந்தது. மண்ணைப் பார்த்தது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது, போனது. புதருக்குள் குஞ்சுகள் கத்துவது இருவருக்கும் கேட்டது.

"எனக்குத் தெரியாது புள்ள" என்றார் அருளப்பன்.

வெட்டிப்போட்ட கிளைகளை அவள் இழுத்து, புதரிலிருந்து சோலையை நோக்கி வரிசையாகப் போட ஆரம்பித்தாள். முள் கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், தன் கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் பெரிய கிளைகளை வெறுங்கையால் தூக்கினார்.

"மேஸ்திரி வந்தா என்ன சொல்லுவீங்க?"

"காஞ்சாத்தான் அள்ளத் தோதுன்னு சொல்லுவேன். எத்தன நாளு வேணும்?"

"பத்து நாளு. குஞ்சுக்கு றெக்க மொளைக்கணும்."

அவர் அடுத்த கிளையை எடுத்தார். முடித்ததும் இருவரும் தள்ளிப் போய் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் கழித்துச் சோலையோரக் கிளையில் இலை அசைந்தது. பிறகு அடுத்ததில். பாதி வழியில் இரண்டு கிளைகள் சேராமல் ஒரு முழம் மண் தெரிந்தது. அதன் விளிம்பில், பச்சைப் புழுவைக் கவ்வியபடி குருவி தலையை நீட்டியது.