பட்டியில் பொறுக்கிய கொட்டை

வெந்நீரைத் தெளித்துத் தெளித்து மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். திருகையில் அரைத்த ஆர்கன் மரத்துப் பருப்பு இறுகி, தட்டின் ஓரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. நல்ல நிறம். சந்தோஷமாகக் குனிந்து முகர்ந்தேன். வறுத்த பருப்பின் வாசத்துக்கு அடியில், ஐயோ, கிடா வாசம்! காலையில் பால் கறந்த கையாக இருக்குமோ என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தேன். கையில் இல்லை. எண்ணெயில்தான்.

பிற்பகல் மஹ்ஜூபா அக்கா வருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் எண்ணெய்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. சங்கத்தில் ஒரே ஒரு இடம் காலி. சேர வேண்டுமென்றால் வீட்டிலேயே உடைத்து, வறுத்து, பிசைந்து எடுத்த ஒரு லிட்டரை அவர் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடம் கிடைத்தால் மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம், ஆடுகளுக்குத் தீவனம். கிடைக்காவிட்டால் என் புருஷன் பீஹி இருபத்திரண்டு ஆடுகளையும் விற்றுவிட்டு அகாதிர் பட்டணத்துக்குக் கட்டட வேலைக்குப் போயாக வேண்டும். மழை மூன்று வருஷமாக எங்களை மறந்தேவிட்டது. அப்படிப் போனவர்கள் யாரும் பெருநாளைத் தவிர ஊர்ப்பக்கம் தலை காட்டுவதில்லை. நான் அதை நினைத்துத்தான் இரண்டு மாதமாகத் தூங்காமல் கிடந்தேன்.

மூலையில் இருந்த சாக்கை அவிழ்த்து ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தேன். நான் தோல் உரித்த கொட்டைகளில் நார் ஒட்டியிருக்கும். பாதிக் கொட்டைகள் வழவழவென்று மொட்டையாக இருந்தன. ஆடு பழத்தைத் தின்று, ராத்திரி பட்டியில் படுத்து அசை போட்டுத் துப்பிய கொட்டைதான் அப்படி இருக்கும். உடைக்கிற வேகத்தில் நானும் கவனிக்கவில்லை, குருடி!

"யோவ்! இங்க வாய்யா!"

வாசலில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பீஹி வந்து நின்றார். என் கையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"சாக்கு குறையா இருந்துச்சு புள்ள. நீயும் பாவம், பத்தாது பத்தாதுன்னு பொலம்பிக்கிட்டே இருந்த. அதான் பட்டியில கொஞ்சம் பொறுக்கிப் போட்டேன். நாலு தண்ணி விட்டுக் கழுவினேன், சத்தியமா."

"கொஞ்சமா? அரைச் சாக்குய்யா இது!"

"எங்கம்மா காலத்துல எல்லாரும் இதத்தான் ஆட்டுனாங்க."

"அப்ப உங்கம்மாவையே சங்கத்துல சேத்து விடு, போ!"

எத்தனை விடியற்காலை அந்தச் சாணியில் குந்தியிருந்து பொறுக்கியிருப்பார் என்று நினைத்ததும் கோபம் பாதியில் நின்றுவிட்டது. போகக் கூடாது என்றுதான் இந்த மனுஷனும் பாடுபட்டிருக்கிறார். அழுகைதான் வந்தது. அவர் வெளியே போய் ஒரு ஆட்டைக் காரணமில்லாமல் திட்டினார்.

மஹ்ஜூபா அக்கா வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்தார். வாயில் போடுவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அதுல பட்டிக் கொட்டை கலந்திருக்கு."

அவர் கை நின்றது. "தெரிஞ்சேவா எனக்கு வெச்ச?"

"வேற எண்ணெய் கிடையாது. பொய் சொல்லவும் வாய் வரல."

"தப்பு என்னுதுங்கக்கா," என்றார் பீஹி, கதவுக்கு வெளியிலிருந்தே. "நான்தான் கலந்தேன். அவளுக்குத் தெரியாது."

அக்கா அந்த ரொட்டியை வாயில் போட்டு நிதானமாக மென்றார். மூக்கைச் சுளித்தார். பிறகு ஒரு மடக்குத் தேநீர். "கிடாவையே முழுங்கின மாதிரி இருக்கு," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆனா இஜ்ஜா, நீ வறுத்த பக்குவம் சரியா இருக்கு. கருகல, பச்சையும் அடிக்கல. போன தடவ ஒருத்தி சந்தையில வாங்கி வந்து தன்னுதுன்னு சாதிச்சா, நீ உள்ளதச் சொல்லிட்ட. வெள்ளிக்கிழம தொழுகை முடிஞ்சு இந்த வழியாத்தான் வருவேன். அன்னிக்கு நல்ல கொட்டையில புதுசா எடுத்துக் காட்டு. இல்லேன்னா அடுத்த வீட்டுக்காரிய சேத்துக்குவேன், அப்புறம் என்மேல வருத்தப்படாத."

அன்று செவ்வாய். ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். நாள் முழுக்க நிமிராமல் உடைத்தாலும் என் ஒருத்தி கைக்கு ஒரு கிலோ தேறுவது கஷ்டம். அப்புறம் வறுக்க வேண்டும், அரைக்க வேண்டும், பிசைய வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சாக்கைக் கவிழ்த்தேன். நார் ஒட்டியவை இந்தப் பக்கம், மொட்டை அந்தப் பக்கம். பொழுது சாயும்வரை நானும் அவருமாகப் பிரித்தோம். நான் பயந்த அளவுக்குக் குறைவில்லை; நல்ல கொட்டையே மட்டுமட்டாகப் போதும் போலத்தான் இருந்தது.

புதன் காலையில் ஆடுகளைத் திறந்துவிட்டதும் அவை பழம் தின்னப் பக்கத்து ஆர்கன் மரத்தில் ஏறிக்கொண்டன. சாலையில் போகிற கார்க்காரர்கள் இறங்கி வாய் பிளந்து பார்ப்பார்கள். எனக்கென்னவோ தரையில் சும்மா நிற்கிற ஆடுதான் அதிசயம். பீஹி அவற்றின் பின்னால் போகவில்லை. உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு கல்லை வைத்து, அடிக்க இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை கொட்டை உடைத்து நான் பார்த்ததே இல்லை. முதல் அடி கட்டைவிரலில். இரண்டாவது அடியில் கொட்டை பறந்து அடுப்பில் விழுந்தது.

தெருவில் ஆண்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. நான் சட்டென்று எழுந்து கதவைச் சாத்தப் போனேன்.

"தொறந்தே இருக்கட்டும்," என்றார். "வெளிச்சம் வேணும்."

"பாத்தா சிரிப்பாங்கய்யா."

"சிரிக்கட்டும்."

ஒருவன் வாசலில் நின்றே விட்டான். "என்ன பீஹி, வளையல் எப்ப போடப்போற?" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பீஹிக்குக் காது சிவந்தது. தலை நிமிரவில்லை. கொட்டையை நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக ஒரே தட்டு. ஓடு இரண்டாகப் பிளந்தது. வெள்ளைப் பருப்பு நொறுங்காமல் முழுசாக உள்ளங்கையில் விழுந்தது. அதை என் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த கொட்டைக்குக் கை நீட்டினார்.