தயாரிப்பாளர் என்ற இடத்தில்

எங்கள் கடைப் பலகையில் 'ஜமால் அண்ட் சன்ஸ்' என்று எழுதியிருக்கும். வாப்பாவுக்குக் கல்யாணமான வருடம் மாட்டிய பலகை அது. மகன்கள் பிறப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிவிட்டார். பிறந்தது இரண்டும் பெண்கள்: நானும் தங்கை ஹனீனும்.

ஜாலான் புசார் தெருவில் எங்களுக்குப் பக்கத்துக் கடை அப்துல் மஜீது மாமாவுடையது. ஆணி, திருகு, பூட்டு விற்கிறார். காலையில் தேத்தண்ணி கிளாஸோடு வந்து பலகையை அண்ணாந்து பார்ப்பார். "சன்ஸ் இன்னும் வரலயா, ஜமாலு?" என்பார். வாப்பாவும் சளைக்காமல், "டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாங்க லா" என்பார்.

நான் உயர்நிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டோடு படிப்பை விட்டேன். வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டிய நாளெல்லாம் மட்டம் போட்டுவிடுவேன். கடையின் பின்னறையில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அங்கே பாகங்களை வாங்கிவைத்துப் பொருத்தி, கம்ப்யூட்டர் செய்கிறேன். மதர்போர்டைப் பெட்டிக்குள் இறக்கி, வயர்களை ஓரமாகக் கட்டி, முதல் தடவை சுவிட்சைத் தட்டும்போது விசிறி சுழல்கிற சத்தம் எனக்குப் பிடிக்கும்.

ஆங் மோ கியோ வட்டாரத்தில் துணைப்பாட நிலையம் நடத்தும் வள்ளிநாயகி ஆன்ட்டி பத்து கம்ப்யூட்டர் கேட்டார். இவ்வளவு பெரிய ஆர்டர் எங்களுக்கு வந்ததே இல்லை. பத்தையும் நானே செய்தேன். கொண்டுபோய் இறக்கி வைத்த அன்றே ஆன்ட்டி ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்தார்.

"இதென்ன பிள்ளை? கம்பெனிப் பேர் இருக்கிற இடத்தில என்னவோ எழுதியிருக்கு."

தயாரிப்பாளர் என்ற இடத்தில், 'இதைத் தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. தனியாக விற்கிற மதர்போர்டு பலவற்றில் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு போர்டிலும் ஒரு சின்ன சிப் உண்டு. கம்ப்யூட்டர் விழித்தவுடன், தன்னை யார் செய்தது, என்ன மாடல் என்பதை அதிலிருந்துதான் படித்துக் காட்டும். பெரிய கம்பெனிகள் தொழிற்சாலையிலேயே பெயரை எழுதிவிடும். எங்களைப் போல் பாகம் வாங்கிப் பொருத்துகிறவர்கள் நிரப்புவதில்லை. யாரும் பார்ப்பதுமில்லை.

இதையெல்லாம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கூட வந்திருந்த வாப்பாவின் பின்னால் நகர்ந்துகொண்டேன். வாப்பா, "தரத்துக்கு நான் பொறுப்பு" என்றார்.

"பேரில்லாத சாமானை நம்பி எப்பிடி வாங்கிறது? பழுதானா ஆரைக் கேக்கிறது? வெள்ளிக்கிழமை வகுப்புத் தொடங்குது. அதுக்குள்ள சரிப்படுத்துங்கோ. இல்லாட்டி எடுத்துக்கொண்டு போங்கோ."

மாதிரிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினோம். மஜீது மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க? ஏதாவது பெரிய கம்பெனி பேரைப் போட்டு விடு புள்ள. அந்தம்மா குளிர்ந்து போயிடும்."

"அந்தக் கம்பெனிக்காரன் செய்யலையே" என்றார் வாப்பா.

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல. நஸீஹா, நம்ம கடைப் பேரைப் போடும்மா."

அதற்கென்று போர்டுக்காரர்களின் சின்ன மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து 'ஜமால் அண்ட் சன்ஸ்' என்று எழுதி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். பெயர் வந்தது. நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். வாப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுவும் பொய்தானே" என்றார்.

"இப்ப என்ன?" என்றார் மாமா.

"அது கடைப் பேரைக் கேக்கல. யாரு செஞ்சதுன்னு கேக்குது. நான் செய்யல. சன்ஸும் செய்யல." என் பக்கம் திரும்பினார். "உன் பேரை எழுது."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். "வேணாம் வாப்பா" என்றேன்.

"பத்தையும் செஞ்சது யாரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டு தட்டினேன். நஸீஹா ஜமால். மாமா இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

விண்டோஸில் பெயரோடு உதவிக்கான ஃபோன் நம்பரும் கொடுக்கலாம். கடை நம்பரைப் போடப் போனேன்.

"கடை ஃபோனை எடுக்கிறது நான்" என்றார் வாப்பா. "ரேம்னு யாராவது கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? உன் நம்பரைப் போடு."

"எனக்கு ஃபோன்ல பேச வராது வாப்பா."

"யாரு பேசச் சொன்னா? கேக்குறதுக்குப் பதில் சொல்லு, போதும்."

வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஆங் மோ கியோ போய், மீதி ஒன்பதிலும் எழுதி முடித்தேன். வள்ளிநாயகி ஆன்ட்டி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிக் கம்ப்யூட்டரில் நின்றார்.

"நஸீஹா ஜமால். ஆர் இது?"

வாசலில் நின்ற வாப்பாவைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே சுவரில் ஒட்டியிருந்த பாட அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் ஆன்ட்டி."

"நம்பரும் உன்ரதோ?"

"ஆமா."

"கூப்பிட்டா எடுப்பியோ?"

"எடுப்பேன்."

அவர் தன் ஃபோனை எடுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து நம்பரை அழுத்தினார். என் பைக்குள் ஃபோன் அடித்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலிதான் இருந்தது. விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எடுத்தேன்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"நஸீஹா ஜமால்."  ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "கம்ப்யூட்டர் செய்றவ."

"என்ர கம்ப்யூட்டர் ஒண்டு கரகரவெண்டு சத்தம் போடுது."

"விசிறியில வயர் உரசுது ஆன்ட்டி. ஜன்னல் ஓரத்துல இருக்கிறதுதானே? நானும் கேட்டேன். கட்டைப் பிரிச்சுத் தள்ளிக் கட்டணும். ரெண்டு நிமிஷம்."

"எப்ப வருவீங்கள்?"

"இப்பவே."

அவர் ஃபோனை வைத்தார். நானும் வைத்தேன். திருப்புளியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். மூடியைக் கழற்றி வயரைத் தள்ளிக் கட்டியதும் சத்தம் நின்றது. ஆன்ட்டி குனிந்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு வாப்பாவிடம், "பத்தும் இருக்கட்டும். தம்பியின்ர கிளினிக்குக்கும் ரெண்டு வேணுமாம். இந்தப் பிள்ளையையே செய்யச் சொல்லுங்கோ" என்றார்.

மறுநாள் காலை மஜீது மாமா வழக்கம்போல் தேத்தண்ணியோடு வந்து அண்ணாந்து பார்த்தார். "சன்ஸ் வந்துட்டாங்களா, ஜமாலு?"

வாப்பா கல்லாவிலிருந்த எங்கள் கடைக் கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து, திரையைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதிலும் முந்தின இரவே என் பெயரை எழுத வைத்திருந்தார்; மாமாவுக்குத் தெரியாது.

மாமா நின்றபடியே படித்தார். "சரி லா. அப்ப என் கடை கம்ப்யூட்டர் ஒரு வாரமா படுத்துக் கெடக்கே, அதை யாருகிட்டச் சொல்றது?"

"நம்பர் கீழே இருக்கு" என்றார் வாப்பா.

பின்னறையில் என் ஃபோன் அடித்தது. இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டேன்.