ஏரிக்குள் வந்த சலாலா மலை

2001ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலையில், சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் கிழக்கே கீழ்வேலம்பாக்கம் ஏரிக்குள் ஒரு மலை வந்து நின்றது. முந்தைய நாள் சாயங்காலம் வரை அங்கே வெடித்துக் காய்ந்த வண்டலும், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நட்டுவைத்த ஸ்டம்பு குச்சிகளும்தான் இருந்தன. மலை அந்தக் குச்சிகளைச் சேதப்படுத்தாமல் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் பச்சை. பாதிக்கு மேல் மூடுபனி, உச்சி தெரியவில்லை. சுற்றுவட்டாரத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, மலைமேல் மட்டும் சாரல் விழுந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள் அது. ஊர்க்காரர்கள் நிதானமாகக் கூழைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பார்க்கப் போனார்கள். மலை எங்கும் ஓடிவிடாது, கூழ் தீர்ந்துவிடும் என்பது அவர்கள் நியாயம்.

எந்த ஊர் மலை என்பது வெயில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு ஒட்டகம் இறங்கிவந்து பம்புசெட் தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்தில் நின்ற தர்மராஜ், சொந்தக்காரனை பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டவனைப்போல முகம் மலர்ந்து, இது சலாலா ஒட்டகம், இது சலாலா மலை என்று கத்திவிட்டான். ஓமான் நாட்டில் ஒன்பது வருஷம் லாரி ஓட்டிவிட்டு 1999இல் ஊர் திரும்பி, மகாபலிபுரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷம் தலைக்கேறி வாய் நிற்கவில்லை.

"அந்த வளைவு தெரியுதா? அங்க தான் வண்டிய ஓரங்கட்டுவேன். மேல ஒரு ஊத்து கீது, பனிக்கட்டி மாதிரி தண்ணி. குளுரு தாங்காம ஸ்வெட்டரு போட்டுகினு தான் டீயே குடிப்பேன்."

கூழ்ச் சொம்போடு பின்னால் நின்றிருந்தாள் அவன் மனைவி லோகநாயகி. "ஸ்வெட்டரா?" என்றாள். கேட்டது அவ்வளவுதான். சொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அந்த ஒரு வார்த்தை அவளை ஏன் அப்படிச் சுட்டது என்று தெரிய, கேசட் காலத்துக்குப் போக வேண்டும். தொண்ணூறுகளில் வெளிநாட்டில் இருந்தவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். வீட்டில் டேப்ரிகார்டரைச் சுற்றி மாமன் மச்சான், அக்கம்பக்கம் எல்லாரும் உட்கார்ந்து கேட்பார்கள். ஆகவே கேசட்டில் நல்ல சேதி பேசுகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. குவைத்துக்குப் போய்வந்த டெம்போ டிரைவர் கண்ணாயிரம், தர்மராஜ் விமானம் ஏறுவதற்கு முன்பே பாடம் சொல்லி அனுப்பினான். "அங்க சொகமா கீறேன்னு மட்டும் வாய தொறந்துடாத மச்சான். கண்ணு பட்டு பூடும்." தர்மராஜ் அதைக் கொஞ்சம் அளவுக்கு மீறியே கடைப்பிடித்தான். வெயிலில் டயர் உருகுகிறது, தோல் உரிகிறது, காய்ந்த ரொட்டிதான் சாப்பாடு என்று ஒவ்வொரு கேசட்டிலும் அழுகிற குரலில் பேசினான். முதல் வருஷம் அதெல்லாம் உண்மையாகவும் இருந்தது. அப்புறம் மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் குளிர்சாதன லாரி அவன் கைக்கு வந்தது. காக்காய்கூட இல்லாத மணலில் நாள் கணக்கில் ஓட்டி, ஆனிக் கடைசியில் அந்த மலையடிவாரத்தைத் தொட்டால், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் சாரலும் பச்சையும் எதிரே வந்து நிற்கும். புரட்டாசி வரைக்கும் அப்படித்தான். அங்கே உட்கார்ந்துகொண்டும் அவன் டயர் உருகுகிறது என்றே பதிவு செய்தான். சில கேசட்டுகளில் அவன் குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்கும். டேப்பு தேய்ந்துவிட்டது என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள்.

லோகநாயகி எல்லாவற்றையும் அப்படியே நம்பினாள். அவள் அண்ணன் புது வீட்டுக்கு ஒரு சீலிங் ஃபேன் வாங்கித் தந்திருந்தான். மாட்டினாள், ஆனால் போடவில்லை. "அவரு அங்க வெந்துகினு இருக்கசொல்ல எனக்கு இன்னாத்துக்குக் காத்து?" என்றாள். ஒன்பது கத்திரி வெயிலைப் பனை ஓலை விசிறிகூட இல்லாமல் தாண்டினாள். முதுகெல்லாம் வேர்க்குரு. மகள் துர்காதேவி பக்கத்து வீட்டு ஃபேனுக்கடியில் பாடம் படித்துத்தான் பத்தாவது பாஸ் செய்தாள். தர்மராஜ் லீவில் வருகிற நாட்களில் மட்டும் ஃபேன் சுற்றும். அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய வேன் தெருமுனை திரும்பியதும் ஃபேன் நின்றுவிடும். அவனுக்கு அது தெரியாது. தெரியப்படுத்த வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

மலை ஏன் வந்தது என்பது தர்மராஜுக்கு மட்டும் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் வேன் மாட்டிக்கொண்டது. கூட்ஸ் வண்டி ஒன்று முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து டெம்போவிலிருந்த கண்ணாயிரம் பொழுது போகாமல், அம்மாம் ஊரு சுத்தினியே, எது மச்சான் உனக்குப் புடிச்சிது என்று கேட்டான். பெட்டி பெட்டியாக ரயில் போகப்போக, தர்மராஜ் முதல் தடவையாகச் சலாலா மலையைப் பற்றிய உண்மையைச் சொன்னான். சொல்லி முடித்தபோது வேனின் கண்ணாடியில் தூறல் படிந்திருந்தது. மறுநாள் காலையில் மலை.

அன்றைக்கு லோகநாயகி வீட்டுக்குள் போய் ஃபேனை ஐந்தாம் நம்பரில் வைத்தாள். நாட்காட்டி பறந்தது, அடுப்பு அணைந்தது, நிறுத்தவில்லை. தர்மராஜோடு பேச்சும் இல்லை. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், தட்டை நகர்த்தினாள். என்ன ஏது என்று புரியாமல் விழித்தவனுக்கு ஃபேன் விவகாரத்தைச் சொன்னவள் துர்காதேவிதான். கேட்டுவிட்டு அவன் வேனுக்குள் போய் உட்கார்ந்து வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். தெருக்கோடியிலிருந்து பார்த்தவர்கள் எங்கோ கிளம்புகிறான் என்றே நினைத்தார்கள். பிறகு உள்ளே வந்து, தப்பாய்விட்டது என்றான்.

"நீ நல்லா இருந்தத நான் தப்புன்னு சொல்லல" என்றாள் அவள். "ஒரு வார்த்த சொல்லிகீந்தா, நானும் நல்லா இருந்திருப்பேன்ல?"

அவன் மலைக்கு வா, சுற்றிக் காட்டுகிறேன் என்று மட்டும் கூப்பிட்டான். நீ தனியாப் பார்த்த இடம்தானே, தனியாவே பார்த்துக்கொள் என்று அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள். அவள் வராமல் தானும் ஏறுவதில்லை என்று அவன் வைராக்கியமாக இருந்துவிட்டான். ஊரே ஏறி இறங்கிய மலையில் அதைக் கூட்டிவந்தவன் மட்டும் கால் வைக்கவில்லை.

மற்றபடி மலையால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, நிலையாக நிற்குமா என்று விசாரித்தார். யாருக்கும் தெரியாததால், நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று போனார். புரட்டாசியில் அது போய்விட்டது, அடுத்த ஆடியில் திரும்பி வந்தது, அவர் மறுபடி வரவில்லை. மகாபலிபுரத்துச் சிற்பிகள் சிலர் உளியோடு வந்து தட்டிப் பார்த்து, சுண்ணாம்புக் கல், மூக்கு நிற்காது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். பிரவின்குமார் என்ற கைடு வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்து, பல்லவர் காலத்தில் வராமல் தாமதமாக வந்ததால்தான் இது தப்பித்தது என்று விளக்கம் சொன்னான். பொத்தேரி காலேஜ் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வந்து நனைந்துவிட்டுப் போனார்கள். ஒட்டகம் வேலியோரத்து முருங்கையைத் தின்றது. வளைவில் வெள்ளை லாரிப் பக்கத்தில் தர்மராஜ் உட்கார்ந்திருப்பதைச் சிலர் தூரத்திலிருந்து பார்த்தார்கள். முடியெல்லாம் கருகருவென்று இருந்ததால், ஆள் ரோஷத்தில் சாயம் பூசிக்கொண்டு திருட்டுத்தனமாக மலையேறுகிறான் என்று எண்ணி, லோகநாயகியிடம் சொல்லாமல் விட்டார்கள். குடும்பச் சண்டையில் எதற்கு மூக்கை நுழைப்பது என்ற நல்லெண்ணம்தான்.

வீட்டில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. உப்பு தீர்ந்துவிட்டது, கேஸ் வந்துவிட்டது, துர்காவுக்கு மாப்பிள்ளை கேட்கிறார்கள் என்கிற அளவுக்கு. ஆனால் முன்பு அவனைப் பார்த்தால் அவள் முகத்தில் ஒன்று வரும், அது வரவில்லை. அந்த முகத்தை இழந்துவிட்டோமே என்பதுதான் தர்மராஜின் கவலை. மலை, மழை எல்லாம் அவனுக்கு அப்புறம்தான். ஆசை ஆசையாக வாங்கிவந்த மல்லிகைப்பூவை அவள் வாசல் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே போவாள், ஒட்டகம் வந்து சாப்பிடும்.

2003இல் மழை பொய்த்தது. கிணறுகளில் தவளை இல்லை. வைக்கோல் கிடைக்காமல் ஆட்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு செங்கல்பட்டுச் சந்தைக்குப் போனார்கள். அந்த ஆடியில் மலை வந்தபோது ஊர் மாடுகளெல்லாம் நேராக அதில் ஏறின. லோகநாயகி தன் செவலைப் பசுவைப் பிடிவாதமாகக் கட்டிவைத்துக் காய்ந்த கரும்புத்தோகை போட்டாள். பசுவுக்கு வீட்டுச் சண்டை எதுவும் கிடையாது. ஒரு மத்தியானம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரியைப் பார்த்து ஓடிற்று. அவளும் பின்னாலேயே ஓடினாள். ஓடுகிற வேகத்தில் மண் முடிந்து புல் தொடங்கிய இடத்தைக் கவனிக்கவில்லை. முகத்தில் தூறல் விழுந்தபோதுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது.

நல்லாத்தான் இருந்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. காற்றில் ஈரமும் ஏதோ சாம்பிராணி வாசனையும் கலந்திருந்தன. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பசுவின் மணிச் சத்தத்தை வைத்து மேலே போய் அதைப் பிடித்தாள். வளைவில் அரபி எழுத்து எழுதிய வெள்ளை லாரி நின்றது. அதன் பக்கத்தில் பாய் விரித்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவள் புருஷன். ஊரில் இருக்கிறவன் இல்லை. தொப்பை விழாத, நெற்றி ஏறாத, முப்பது வயதுத் தர்மராஜ். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். கேசட்டில் அழுத குரல் அல்ல. குழைந்து, சிரித்து, ஒரு பெண்ணிடம் பேசுகிற குரல்.

ஓகோ, சங்கதி இதுதானா என்று லோகநாயகி போர்த்திய தலைப்பை உருவி இடுப்பில் செருகினாள். ஸ்வெட்டரைக்கூட மன்னித்துவிடலாம். ஒரு புதருக்குப் பின்னால் மறைந்து, பசுவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, பாயின் மறுபக்கத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஆனால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது, நனையாமலிருக்க அதன்மேல் ஒரு சாக்கும் போட்டிருந்தது.

"லோகு, அங்க பாரேன், ஒட்டகம் நடுரோட்ல படுத்துகினு எழுந்துக்க மாட்டேங்குது. நம்ம ஊரு எருமையே தேவல" என்றான் அவன் அந்த இடத்தைப் பார்த்து. "லோகு, நீ குடுத்த ஊறுகா தீந்து பூட்சி. பாட்டில கழுவிக்கூட தொட்டுகினேன். இந்தக் காத்து உம்மேல பட்டா எப்டி இருக்கும்!"

கல்யாணமான புதிதில் சில மாதங்கள் அவன் அவளை லோகு என்று கூப்பிட்டதுண்டு. அப்புறம் மாமியார், மாமனார், பிள்ளை என்று ஆனபின் அந்தப் பெயர் வெறும் 'இந்தாமே'யாகத் தேய்ந்துவிட்டது. எங்கே போயிற்று என்று அவள் தேடியதும் இல்லை. இத்தனை வருஷமும் இங்கே, இந்தத் தூறலில், ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் அது இருந்திருக்கிறது. அவள் புதரை விட்டு வெளியே வந்து அவனைக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. நினைப்புக்குக் காது கிடையாது போலும். அவள் போய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். அவன் வழியில் பார்த்த பேரீச்சந்தோப்பு, சாலையில் சிக்கிய மணல்புயல், கடலில் பார்த்த டால்பின் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். பொழுது சாயும்வரை கேட்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, ரெண்டையும் அவள் அடக்கவில்லை.

கீழே வந்தபோது தர்மராஜ் தெருவில் வேன் கழுவிக்கொண்டிருந்தான். தலையெல்லாம் நனைந்து பசுவோடு வருகிறவளைப் பார்த்துக் கையில் இருந்த குழாயை விட்டுவிட்டான். அவள் நேராக அவன் எதிரே வந்து நின்றாள்.

"ஊறுகா பத்தலன்னு ஏன்யா ஒரு தபாகூட சொல்லல?"

அவன் கேசட்டில் எப்படிச் சொல்வது, எல்லாரும் கேட்பார்களே என்று முனகினான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு வருஷமாக எதைக் காணோமென்று தவித்தானோ அது அங்கே வந்திருந்தது. குழாய்த் தண்ணீர் தெருவெல்லாம் ஓடி வீணாயிற்று. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரி சத்தம் போட்டதும் இருவர் காதிலும் விழவில்லை.

அதற்கடுத்த ஆடியிலிருந்து இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனுக்குச் சவாரி வந்தாலும் தர்மராஜ் ஒப்புக்கொள்வதில்லை. லோகநாயகி எலுமிச்சை ஊறுகாயும் கட்டுச்சோறும் எடுத்துப்போய் மூன்று தட்டில் வைப்பாள். வளைவில் உட்கார்ந்திருக்கும் இளைய தர்மராஜ் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஆனால் தட்டு காலியாகத்தான் திரும்பும். நமக்கு வைத்ததைவிட அவனுக்கு ஊறுகாய் அதிகமாக வைக்கிறாள் என்று பெரியவனுக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு, சொல்வதில்லை. இளையவனுக்கும் பெரியவனுக்கும் நடுவே சாக்கில் அவள் உட்காருவாள். இன்ன இடத்தில் இன்னது சொல்வான் என்று இருவருக்குமே மனப்பாடமாகிவிட்ட பேச்சுத்தான். ஆனாலும் இளையவன், "லோகு, இங்க பாரு" என்று தொடங்கும்போது பெரியவன் மரியாதையாக வாயை மூடிக்கொள்வான். அவள் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் காட்டுகிற பக்கம் திரும்புவாள்.

"பாத்துகினு தான் கீறேன்" என்பாள். "மேல சொல்லு."