ஈரச் சட்டையோடு பெண் கேட்கப் போனவன்

போன தடவை பெண் கேட்கப் போனபோது, சென்னப்பன் வாயைத் திறப்பதற்கு முன்பே கங்கப்பன் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தான். பழியை முழுக்க வெயில் மேல் போடுவதற்கில்லை. சட்டை கசங்கக் கூடாதென்று மடித்து வைத்துவிட்டு, வெறும் பனியனோடு ஓசூரிலிருந்து குந்தாரப்பள்ளி வரை மோட்டார் சைக்கிளில் வந்தால், சித்திரை வெயில் சும்மா விடுமா? தண்ணீர் தெளித்து எழுப்பி, மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

“வண்டி ஓட்டி வர்றதுக்கே மயக்கம் போடறான். இவனுக்கா என் பொண்ணு?” என்றார் கங்கப்பன்.

மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் நின்று விசிறியவள் அந்தப் பெண், சம்பங்கி. அன்றிலிருந்து சென்னப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா பூவம்மாள்தான் நடையாய் நடந்து, தூரத்துச் சொந்தத்தையெல்லாம் தோண்டியெடுத்து, அவன் சம்பங்கிக்கு முறைமாமன்தான் என்று நிலைநாட்டினாள். கங்கப்பன் கொஞ்சம் இறங்கி வந்தார். இன்னொரு தடவை வரட்டும், இதுதான் கடைசி என்றார்.

“என்கூட பஸ்ல வந்துடுடா” என்றாள் அக்கா.

“மாட்டேங்க்கா. மோட்டார் சைக்கிள்ல போயிதான் உளுந்தேன். அதுலயே போயி நின்னு காட்டறேன்.”

அக்காவும் மாமாவும் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். சென்னப்பன் பெங்களூர் ஏலத்தில் எடுத்த பட்டாளத்து வண்டியை உதைத்துக் கிளப்பினான். சூளகிரி வருவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டீக்கடை நிழலில் லாரி டிரைவர் மைக்கேல்ராஜ் உட்கார்ந்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“வெயிலுக்குத் துணிய அவுக்கறவன் மடையன்பா. போத்திக்கணும். முழுக்கைச் சட்டைய நல்லா நனைச்சுப் போட்டுக்க. தலையில ஈரத்துண்டு கட்டு. அப்பறம் ஓட்டிப் பாரு.”

ஓட்டிப் பார்த்தான். ஆகா! ஈரத்தில் காற்று பட்டதும் உடம்பு சிலிர்த்தது. மார்கழி மாதம் சட்டைக்குள் புகுந்துகொண்டது போலிருந்தது. தார் ரோடு கொதித்துக் கொண்டிருக்க, சென்னப்பன் பாட்டு முனகிக்கொண்டு போனான். சட்டை காயக் காய, கபிலை ஏற்றத்தில் மாடுகள் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் கொட்டும் வாய்க்காலைப் பார்த்து இறங்கி, துணியோடு முங்கி எழுந்தான். குந்தாரப்பள்ளி எல்லையில் கடைசியாக ஒரு முங்கு. மாமனார் முன்னால் குளுகுளுவென்று போய் நிற்க வேண்டாமா?

போய் நின்றான். தலையிலிருந்தும் சட்டையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. வாசலில் வேப்பமர நிழலில் தட்டு, வெற்றிலை பாக்கோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தலை நனைந்து, ஈரத்துணியோடு ஒருவன் அவசரமாக வந்து வாசலில் நின்றால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவு விழுந்த வீட்டில் தலை முழுகிவிட்டு நேரே வருகிறான்.

பூவம்மாள் ஒரு விநாடி பார்த்தாள். மறு விநாடி மாரில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ அம்மா! காலையில கூட கஞ்சி குடிச்சியே! எங்கள உட்டுட்டுப் போயிட்டியா!”

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். போனது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அழுகைக்கு அது ஒரு தடையுமில்லை.

“எக்கா! யாரும் சாவலக்கா! அம்மா நல்லாத்தான் இருக்குது! வெயிலுக்காக நனைச்சுக்கினு வந்தேன்!”

அழுகை நின்றது. ஆனால் நல்ல காரியம் பேச உட்கார்ந்த இடத்தில் ‘சாவு’ என்ற சொல்லும் விழுந்துவிட்டது. கங்கப்பன் தட்டை எடுத்து உள்ளே கொடுத்தார்.

“மொத தடவ மயக்கம். இந்தத் தடவ எழவுக் கோலம். சகுனமே சரியில்ல. கெளம்புங்க.”

சென்னப்பன் மரம்போல் நின்றான். அவ்வளவு குளிர்ச்சியும் போய் நெஞ்சு எரிந்தது. அந்த அனல் காற்றில் சட்டை காய்ந்து மொரமொரவென்றாகிவிட்டது. இனி வழியில்லை என்று வண்டிப் பக்கம் திரும்பினான்.

கொல்லைப்புறத்திலிருந்து சம்பங்கி வந்தாள், இடுப்பில் குடத்தோடு. நேரே அவனிடம் போனாள். அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்தாள்.

மஞ்சத்தண்ணி! மாரியம்மன் பண்டிகையன்று முறைமாமன் மேல் பெண்கள் ஊற்றும் தண்ணீர். எல்லார் மேலும் ஊற்றிவிட மாட்டார்கள். மனசுக்குப் பிடித்தவன் மேல்தான் குடம் கவிழும். பண்டிகைக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் காத்திருக்கவில்லை.

சற்று முன் அழுத பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சென்னப்பன் தலை முதல் கால் வரை மஞ்சளாக நின்றான். சம்பங்கி வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

“இவரு ஏன் ஈரமா நிக்கறாருன்னு இனிமே யாராச்சும் கேட்டா, நான் ஊத்துனேன்னு சொல்லுப்பா.”

கங்கப்பன் மோவாயைத் தடவிக்கொண்டார். பிறகு தட்டை எடுத்து வரச் சொன்னார்.