மேல்பக்கம் மட்டும்

பெட்டியின் அடிமூடி நான்காவது திருகுக்கு இடம் கொடுக்கவில்லை. மூன்று மூலைகள் உட்கார்ந்துவிட்டன. நான்காவது மட்டும் நகம் நுழையும் அளவு தூக்கிக்கொண்டே நின்றது. வார்ப்பு அச்சிலிருந்து வந்த முதல் இருநூறு பெட்டிகளும் அப்படித்தான். மேலாளர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதோ நெரிந்தது.

"பொட்டிக்காரரே, இது மூடுமா, இல்ல காத்து வாங்கட்டும்னு விட்டீங்களா?" என்றார்.

நான் வரைவது பெட்டி. அதற்குள் உட்காரும் மின்சுற்றுப் பலகையை வரைவது அக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட அலுவலகத்தில் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மென்பொருள் வேறு, என்னுடையது வேறு. பலகையில் எதையாவது மாற்றினால் ஒரு ஃபைல் அனுப்புவார். அதை நான் இறக்கினால் ஒவ்வொரு பாகமும் தன் உயரத்தோடு என் பெட்டிக்குள் வந்து நிற்கும்.

"எனக்கு வந்ததுல அடியில எதுவுமே இல்ல சார்," என்றேன். திரையில் காட்டவும் செய்தேன். பலகையின் அடிப்பக்கம் மொட்டையாக இருந்தது.

"நாலாவது தடவை அனுப்பும்போது அந்தச் செம்புக்கம்பிக் காயிலை அடிப்பக்கம் மாத்தினேனே," என்றார் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் குரலில் சந்தேகம் ஏறிவிட்டது.

"மாத்தினது சரிம்மா. போய்ச் சேந்துச்சான்னு யார் பாக்கறது?" என்றார் மேலாளர்.

அது திங்கட்கிழமை காலை மீட்டிங்கில். அன்று மத்தியானமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபைலை மறுபடி இறக்கினேன். இறக்குவதற்கு முன் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். படிக்காமலே சரி என்று அழுத்துவது என் வழக்கம். அன்றைக்குப் படித்தேன். 'மேல்பக்கப் பாகங்கள் மட்டும்' என்ற வரிக்கு முன்னால் ஒரு டிக். எட்டு மாதத்துக்கு முன், வேறொரு பெரிய பலகை என் கணினியை உறையவைத்த பிற்பகலில் நான் போட்டது. போட்டது நன்றாக நினைவிருந்தது. அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை.

எழுந்து போய் அக்காவிடம் சொல்ல முப்பது அடி தூரம். தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று போனேன். அங்கே மேலாளர் போனில் யாரிடமோ, "போர்டு பக்கத்துல கோட்டை விட்டுட்டாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த மூன்று நாட்களும் அக்கா தன் மென்பொருளில் பதிந்திருந்த பாகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து உயரம் சரிபார்த்தார். ஐந்நூற்றுச் சொச்சம். வீட்டிலிருந்து போன் வந்தால், "நீங்களே பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க, எனக்கு இன்னைக்கு ஆகாது," என்று தணிந்த குரலில் சொன்னார். இடையில் ஒருமுறை நான், "ஏதாவது உதவி வேணுமாக்கா?" என்று கேட்டேன். மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கேள்விதான் இன்றும் உடம்பைக் கூசவைக்கிறது. அவர் நன்றி சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதியிருக்கேன். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுச் சொல்லு. எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முடியல. ஆனா என் பக்கம்தான் இருக்கணும்னு எழுதிட்டேன். அடுத்த வேலைக்கு வேற யாரையாவது போட்டுக்கட்டும்னும் சொல்லியிருக்கேன். என்னால உன் வேலையும் சேந்து கெட்டுச்சு. மனசுல வெச்சுக்காத."

படித்தேன். நான்கு பத்தி. இரண்டாவதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதை மட்டும் சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

"அனுப்பாதீங்கக்கா."

ஃபைல் இறக்கும் கட்டத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். குனிந்து படித்தார். என் கையிலிருந்து மௌஸை வாங்கி டிக்கை எடுத்துவிட்டு, சரி என்று அழுத்தினார்.

"எப்போ பாத்த?"

"திங்கக்கிழமை."

"மீட்டிங்குக்கு முன்னாடியா?"

"மத்தியானம்."

அவர் மௌஸை இழுத்து, திரையிலிருந்த பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினார். மொட்டைப் பலகையில் பாகங்கள் ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கின. முதலில் குட்டையானவை, அரிசிமணி அளவில். கடைசியாகக் காயில் வந்தது. அடிமூடியைத் துளைத்துக்கொண்டு, செம்பு நிறத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே. அக்கா விரல் நுனியால் திரையில் அதைத் தொட்டார், சுடுகிறதா என்று பார்ப்பவர்போல.