சாலை விதிப்படி வந்த மீன்

அந்த நவம்பரின் முதல் பெருமழையில், பெண் கோஹோ சால்மன் மீன் ஒன்று டிம்மன்ஸ் ஓடையிலிருந்து தார்ச்சாலையில் ஏறி, அமெரிக்கச் சாலை விதிப்படி வலது ஓரமாகவே நீந்தி வந்து, மார்னி ஹால்வர்சன் வீட்டு வாசலில் நின்ற காருக்கு அடியில் தங்கியது. வெண்ணெய் விலை அந்த வாரமும் ஏறியிருந்ததால் ஊரில் பலர் இதைக் கவனிக்கவில்லை.

ஓடையைக் காக்கும் தொண்டர் குழுவுக்கு மார்னிதான் தலைவி. ஆண்டுதோறும் மழை தொடங்கியதும் குழுவினர் ஆளுக்கொரு காரில் பறந்து வருவார்கள். முட்டையிடக் கடலிலிருந்து ஓடைக்குத் திரும்பிய மீன்கள் வாயைப் பிளந்து, வட்டமடித்து, சில மணி நேரத்தில் செத்துப்போகும். செத்த பெண் மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்ப்பது குழுவின் வழக்கம். முட்டைகள் அத்தனையும் உள்ளேயே இருக்கும். டயர் தேய்ந்து உதிரும் தூளை மழை ஓடைக்குள் அடித்துவருகிறது, அதன் நஞ்சுதான் கொல்கிறது என்று பல்கலைக்கழகத்தார் சொன்னபோது குழு அதிர்ந்துபோய் அவசரக் கூட்டம் போட்டது. எல்லாரும் காரில்தான் வந்தார்கள். மார்னி வீட்டுக்குப் போய் அழுதாள். ஒரே ஒரு மீனாவது முட்டையிடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

மீனை முதலில் பார்த்தவர் எதிர்வீட்டு டயர் கடைக்காரர் கர்டிஸ்.

"என்ன மார்னி, நீங்க அதைத் தேடிப் போனது போய், அது உங்களைத் தேடி வந்திருச்சு. பாத்து, வண்டியை எடுத்துத் தொலைச்சிராதீங்க!"

காருக்கு அடியில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த நீர் வழியாமல் நின்றது. மீன் வாலால் சரளையை அடித்து விலக்கிக் குழி பறித்தது. ஆண் மீன் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. ஓடாத டயரிலிருந்து எதுவும் உதிராது என்பது அவற்றுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மார்னி சேற்றில் குப்புறப் படுத்து, செந்நிற முட்டைகள் குழியில் இறங்குவதைப் பார்த்தாள். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் குழுவினர் அத்தனை பேருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். எஞ்சின் சத்தங்கள் கேட்ட பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. தெருமுனைக்கு ஓடி, கொட்டும் மழையில் கைகளை விரித்து மறித்தாள்.

"நிறுத்துங்க! இனி ஒரு அடி உருட்டினாலும் முட்டையெல்லாம் போயிரும்!"

"நீங்கதானே மார்னி உடனே வாங்கன்னீங்க?" என்றார் பொருளாளர் ரஸ்ஸல் பீட்டி.

"வாங்கன்னேன். வண்டியோட வாங்கன்னா சொன்னேன்?"

அவர்கள் கார்களை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்து பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். திரும்பிப் போனபோது ஒவ்வொரு காரின் அடியிலும் நீர் நின்றது, ஒவ்வொன்றிலும் ஒரு மீன் குழி பறித்துக்கொண்டிருந்தது. சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இப்ப நான் எப்படிங்க வீட்டுக்குப் போறது? பன்னண்டு மைல் இருக்கு," என்றார் ரஸ்ஸல்.

"இந்த மீன் அலாஸ்கா கடல் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு, ரஸ்ஸல்," என்றாள் மார்னி. "கிளம்புங்க."

கிளம்பினார்கள். கார்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. எங்கள் ஊரில் இப்போது கால்வலித் தைலத்துக்குத்தான் தட்டுப்பாடு.